ஒரு வருஷ வேலை, பத்து வருஷம்: கனூத் டெக் எழுதிய கதை

எங்க ஊர்ல ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டார வயல்கள், குளங்கள், மடைகள், கலுங்குகள் இவற்றின் பெயர்களையெல்லாம் நாற்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவர். மொத்தம் பதினொரு நோட்டு. 2018ல் அத்தனையையும் என்னிடம் கொடுத்துவிட்டார். "நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு, ஒழுங்குபடுத்தி ஒரு புத்தகமா ஆக்கிடுங்க தம்பி" என்றார். "ஆறு மாசம் போதும் ஐயா" என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஆறு மாசத்தில் புத்தகம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்தேன். பெயர்களை உள்ளிட, தேட, வரைபடத்தில் காட்ட, கடைசியில் அச்சுக்குப் பக்கம் அமைக்க என்று எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதலில் பிஎச்பியில் எழுதினேன். பாதியில் அது பழசு என்று தோன்றியது, பைத்தானுக்கு மாறினேன். அப்புறம் திரை அழகாக இல்லை என்று ஜாவாஸ்க்ரிப்டில் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஐயா போன் பண்ணுவார். "முடியப்போகுதுங்க ஐயா" என்பேன்.

வீட்டிலோ நண்பர்களோ கேட்டால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கனூத்துக்கே பத்து வருஷம் ஆச்சு." கணினி படித்தவர்கள் பலரும் சொல்லும் சமாதானம் இது. போன வருஷம்தான் அந்தக் கதையை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். படித்தபிறகு அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அச்சுப்படி வந்த நாள்

டொனால்ட் கனூத் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1962லேயே ஒரு பெரிய புத்தகத்தை எழுத ஆரம்பித்தார். 'கணினி நிரலாக்கக் கலை' என்று தமிழில் சொல்லலாம். ஏழு பாகங்களுக்குத் திட்டம். 1968, 1969, 1973 என்று மூன்று பாகங்கள் வெளிவந்தன. அவை உருக்கிய ஈயத்தில் எழுத்து வார்த்து அடுக்கும் மோனோடைப் இயந்திர முறையில் அச்சானவை. கணிதச் சமன்பாடுகளை அவ்வளவு அழகாக அடுக்கத் தெரிந்த கைகள் அப்போது இருந்தன.

1970களில் அந்தத் தொழில் அருகிவந்தது. செலவும் ஏறியது. இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பதிப்பை ஒளி அச்சுக்கோப்பு முறையில் செய்தார்கள். 1977 மார்ச் கடைசியில் அச்சுப்படி வந்தது. கனூத்துக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுத்து வடிவமும் இடைவெளியும் பழைய தரத்தில் இல்லை.

இன்னொரு புத்தகத்தின் அச்சுப்படியை அதற்குச் சில வாரம் முன்புதான் அவர் பார்த்திருந்தார். அது டிஜிட்டல் முறையில், புள்ளிகளால் ஆன எழுத்துகளில் வந்திருந்தது. புள்ளி என்றால் பூஜ்யமும் ஒன்றும்தானே, அது நம்ம வேலையாச்சே என்று தோன்றியிருக்கிறது. 1977 மே மாதம் ஒரு புதிய அச்சுக்கோப்பு மென்பொருளின் வரைவை எழுதினார். அதுதான் டெக். 1978ல் வரும் ஓய்வு ஆண்டுக்குள் முடித்துவிட்டு, நான்காம் பாகத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது

வரைவைத் தன் மாணவர்கள் மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங் இருவரிடமும் கொடுத்துவிட்டு, அந்தக் கோடையில் கனூத் சீனாவுக்குப் போனார். முழு விவரமும் எழுதிக் கொடுத்தாச்சு, நிரல் எழுதுவதுதான் பாக்கி என்ற நினைப்பு. திரும்பி வந்தபோது ஒரு சிறு பகுதிதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தானே எழுத உட்கார்ந்ததும்தான் விஷயம் புரிந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை வரைவில் சொல்லாத ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரும் இவ்வளவு செய்ததே பெரிய விஷயம் என்று பின்னாளில் எழுதினார். வடிவமைக்கிறவரே நிரல் எழுத வேண்டும், அவரே முதல் பயனராகவும் இருக்க வேண்டும், பயனர் கையேட்டையும் அவரே எழுத வேண்டும் என்பது அவர் இதிலிருந்து எடுத்த பாடம்.

எழுத்துரு இன்னொரு பள்ளம். பக்கம் அமைக்க எழுத்து வேண்டும், அதையும் கணிதத்தால் வரையலாம் என்று மெட்டாஃபாண்ட் என்ற இரண்டாவது மென்பொருளைத் தொடங்கினார். ஆங்கிலத்தின் 'எஸ்' எழுத்து மட்டும் வளையவே மறுத்தது. அந்த ஒரு எழுத்தின் கணிதத்தைப் பற்றியே 1980ல் தனிக் கட்டுரை எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1981ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்பு டெக்கிலேயே அச்சாகி வந்தது. இத்தனைக்கும் காரணமான புத்தகம். கையில் வாங்கிப் பார்த்த கனூத்துக்குத் திருப்தி இல்லை. எழுத்துருவை மறுபடி திருத்த உட்கார்ந்தார்.

எந்த மொழி, எந்த இயந்திரம்

என்னைப் போன்ற நிரலாளர்களுக்கு முக்கியமான பகுதி இதுதான். முதல் டெக்கை அவர் செயில் என்ற மொழியில் எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் உருவான மொழி, ஓடியது பிடிபி-10 என்ற கணினியில். ஏன் அது? கையில் இருந்தது, பழகியது. டெக்கைத் தானும் தன் செயலாளரும் மட்டும்தான் பயன்படுத்துவோம் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்.

ஆனால் 1978 ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகத்தில் இதைப் பற்றி உரையாற்றினார். கணிதக்காரர்கள் விடவில்லை. மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் டெக் பரவியது. 1980ல் பயனர் சங்கமே உருவாகிவிட்டது. பிடிபி-10 இல்லாத இடங்களில் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

அப்போதுதான் மொத்தத்தையும் திருப்பி எழுதினார். 1982ல் வந்த இந்த வடிவத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பாஸ்கல். பாஸ்கலில் குறைகள் நிறைய என்று அவருக்கே தெரியும். எல்லா இயந்திரத்திலும் கிடைக்கிற மொழி என்பதுதான் காரணம். குறைகளை ஈடுகட்ட வெப் என்று ஒரு முறையைச் செய்தார். ஒரே கோப்பிலிருந்து கணினிக்கான பாஸ்கல் நிரலும் வரும், மனிதர் படிக்கிற விளக்க நூலும் வரும். (இன்றைய இணையத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, இது அதற்கு முந்தையது.) டெக்கின் முழு நிரலும் 1986ல் புத்தகமாகவே வந்தது.

இன்னொரு தேர்வும் உண்டு. பக்கத்தில் எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்ற கணக்கைத் தசம எண்களில் செய்தால் இயந்திரத்துக்கு இயந்திரம் கடைசி இலக்கம் மாறும். அதனால் ஒரு பாயின்ட் அளவை 65,536 கூறாகப் பிரித்து, வரி உடைப்பு, பக்க உடைப்பை முடிவு செய்யும் கணக்கையெல்லாம் முழு எண்ணிலேயே வைத்தார். எந்தக் கணினியில் ஓட்டினாலும் வரி ஒரே இடத்தில்தான் உடையும்.

1983ல் பிடிபி-10 வரிசைக்கு அடுத்த இயந்திரத்தை அதன் தயாரிப்பாளர் கைவிட்டார். செயிலிலேயே இருந்திருந்தால் டெக்கும் அதோடு போயிருக்கும். பாஸ்கலும் பின்னால் செல்வாக்கு இழந்தது உண்மைதான். ஆனால் நிரல் அவ்வளவு கட்டுப்பாடாக எழுதப்பட்டிருந்ததால், அதை அப்படியே சி மொழிக்கு மாற்றும் கருவியை எழுத முடிந்தது. இன்று நம் கணினியில் ஓடும் டெக் அப்படி மாற்றப்பட்டதுதான். யூனிகோடு தெரிந்த அதன் வழித்தோன்றல் ஸீடெக்கில் தமிழும் நன்றாகவே வருகிறது.

நான் கவனிக்காமல் விட்டது

கனூத் மறுபடி முதலிலிருந்து எழுதியது ஒரே ஒரு தடவை. அதுவும் நான்கு வருஷம் பலர் பயன்படுத்தி, எங்கெங்கே இடறுகிறது என்று தெரிந்த பிறகு. 1978லிருந்தே டெக்கில் பக்கங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. தான் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் தேதிவாரியாக எழுதி வைத்தார். 1989ல் அந்தப் பட்டியலைக் கட்டுரையாக வெளியிட்டபோது 800க்கும் மேற்பட்ட திருத்தங்கள் இருந்தன. பிழை கண்டுபிடித்தவருக்குக் காசோலை கொடுத்தார். டெக் நிரலில் பிழை காட்டினால் கிடைக்கும் தொகை படிப்படியாக இரட்டித்து 327.68 டாலரில் நின்றது.

அப்புறம் நிறுத்தினார். 1990ல் வந்த மூன்றாம் பதிப்போடு புதிய வசதி எதுவும் கிடையாது என்று அறிவித்துவிட்டார். பிழைதிருத்தம் மட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை என்ற எண்ணை ஓர் இலக்கம் நெருங்கும். 2014, 2021ல் பார்த்தார், அடுத்தது 2029ல்.

விலையையும் சொல்ல வேண்டும். நான்காம் பாகத்தின் முதல் புத்தகம் 2011ல்தான் வந்தது, இரண்டாவது 2022ல். ஏழு பாகத் திட்டம் இன்னும் முடியவில்லை. 1938ல் பிறந்தவர். உலகத்துக்கு டெக் கிடைத்தது, அதற்கு அவர் கொடுத்தது தன் புத்தகத்துக்கான வருஷங்களை.

என் கணக்கை இதோடு வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை திருப்பி எழுதியிருக்கிறேன், மூன்றும் ஒரு பயனர்கூடப் பார்ப்பதற்கு முன். மொழியை மாற்றியதற்குப் பயனரின் தேவை ஒரு தடவையும் காரணமில்லை, எனக்குப் பழசாகத் தெரிந்ததுதான் காரணம். இத்தனை வருஷத்தில் ஒரு பக்கம்கூட அச்செடுக்கவில்லை. கனூத்தின் பத்து வருஷத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மென்பொருளை ஓரமாக வைத்தேன். முதல் நோட்டை மட்டும் எக்செல்லில் தட்டச்சு செய்தேன். அதை ஸீடெக்கில் பெரிய எழுத்தாகப் போட்டு, 32 பக்கம் அச்செடுத்து ஐயாவிடம் கொண்டுபோனேன். பெரிய எழுத்து ஏனென்றால் அவருக்கு இப்போது பார்வை ரொம்ப மங்கிவிட்டது. லென்ஸ் வைத்துத்தான் படிக்கிறார். அதை நேரில் போனபிறகுதான் சரியாக உணர்ந்தேன். எனக்குத் தாமதம் என்றால் காலண்டர் கணக்கு, அவருக்கு அது கண்.

முதல் பக்கத்திலேயே நிறுத்தினார். "இது ஏன் தம்பி கலிங்குன்னு இருக்கு?"

"அதுதானேங்க ஐயா சரியான வடிவம். நான் மாத்தினேன்."

"அகராதியில சரி. ஊர்ல கலுங்குன்னுதான் சொல்றாங்க. சொன்னபடியே எழுதணும்னுதானே நாற்பது வருஷம் அலைஞ்சேன்."

எனக்கு அந்த இடத்தில் வார்த்தை வரவில்லை. பேச்சு வடிவங்களைத் தானாகவே எழுத்து வடிவத்துக்கு மாற்றும் பகுதிக்காக மட்டும் என் மென்பொருளில் நாலு மாசம் செலவழித்திருக்கிறேன். இந்த ஒரு பக்கத்தை 2018லேயே காட்டியிருந்தால் அந்த நாலு மாசம் மிச்சம்.

இரண்டாம் நோட்டு தட்டச்சு நடக்கிறது. மாசத்துக்கு ஒரு நோட்டு என்று வைத்திருக்கிறேன். சொன்னபடியே, கலுங்கு கலுங்காகவே இருக்கும். இரவல் சமாதானம் இனி எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போகிறேன். நான் படிக்கிறேன், ஐயா கேட்டுத் திருத்துகிறார்.