ஜூலை நான்கும் சோழமண்டலக் கரையும்: அமெரிக்க விடுதலைப் போரில் அயலார் பங்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைத் திருநாள் ஆண்டுதோறும் ஜூலை 4 ஆம் நாள் கொண்டாடப்பெறுகிறது. ஆயின், பிலடெல்பியாவில் கூடிய பேரவை பிரித்தானிய முடியாட்சியிலிருந்து பிரிவதென வாக்களித்தது 1776 ஜூலை 2 ஆம் நாளாகும். இரு நாள் கழித்து ஏற்கப்பட்டது அம்முடிவுக்குரிய காரணங்களை உலகிற்கு எடுத்துரைத்த பிரகடனமே. உறுப்பினருள் பெரும்பாலோர் அதில் கையெழுத்திட்டதோ ஆகஸ்டு 2 ஆம் நாள். வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2 ஆம் நாளையே பெருவிழாவாகக் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். அவர் எண்ணியவாறு நிகழவில்லை. முடிவெடுத்த நாள் பின்தங்க, அறிவித்த நாளே விழா நாளாயிற்று.

அறிவிப்பு என்பது கேட்போரை நோக்கியது. இப்பிரகடனம் யாருடைய செவிக்காக எழுதப்பட்டது என்னும் வினா, இத்திருநாளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. ரிச்சர்டு ஹென்றி லீ 1776 ஜூன் 7 இல் முன்மொழிந்த தீர்மானம் மூன்று கூறுகளை உடையது. குடியேற்றங்கள் விடுதலை பெற்றவை என்பது ஒன்று. அயல்நாடுகளுடன் கூட்டணி காண வேண்டும் என்பது மற்றொன்று. தமக்குள் ஒரு கூட்டமைப்பை வகுக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. தம் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்யும் குடிகளோடு எந்த ஐரோப்பிய அரசும் வெளிப்படையாக உடன்படிக்கை செய்யாது. தனி நாடு என அறிவித்துக்கொண்டவரோடு செய்யலாம். பிரகடனத்தின் இறுதிப் பகுதி புதிய நாடுகளின் உரிமைகளாகப் போர் தொடுத்தல், அமைதி காணுதல், கூட்டணி அமைத்தல், வாணிகம் நிறுவுதல் ஆகியவற்றை எண்ணியுரைப்பது இதனாலேயே. விடுதலைக்குப் பின்னர் அயலார் உதவி வந்து சேர்ந்தது என்பதைக் காட்டிலும், அவ்வுதவியைப் பெறும் பொருட்டும் விடுதலை அறிவிக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

இங்கு ஒரு முரணும் உண்டு. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அயல்நாட்டுக் கூலிப்படைகளைத் தம் குடிகள்மீது ஏவுகிறார் என்பது அதே பிரகடனம் அடுக்கும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பிரித்தானியா அமர்த்திய செருமானியப் படைவீரர் ஏறத்தாழ 30,000 பேர் அப்போரில் ஈடுபட்டனர். அயலார் படையைக் கண்டிக்கும் ஏடே அயலார் துணைக்கும் வழிவகுத்தது.

பிரெஞ்சு உதவி முதலில் மறைவாகவே வந்தது. அயலுறவு அமைச்சர் வெர்ஜேன் இசைவுடன், நாடக ஆசிரியர் பொமார்ஷே ஒரு பொய் வணிக நிறுவனத்தை 1776 இல் தொடங்கி, துப்பாக்கிகளும் வெடிமருந்தும் அனுப்பினார். பிரான்சும் ஸ்பெயினும் அதற்குப் பத்து இலட்சம் லிவர் வீதம் முதல் தந்தன. 1777 அக்டோபரில் சாரடோகாவில் ஒரு பிரித்தானியப் படை சரணடைந்த பின்னரே பிரான்சு வெளிப்பட்டது. கூட்டணி உடன்படிக்கை 1778 பிப்ரவரி 6 இல் கையெழுத்தாயிற்று. 1779 இல் ஸ்பெயின், 1780 இறுதியில் ஒல்லாந்து என மேலும் இரு கடல் வல்லரசுகள் பிரித்தானியாவோடு போரில் இறங்கின. 1781 அக்டோபர் 19 இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது, முற்றுகையிட்ட தரைப்படையில் ஏறக்குறையப் பாதி பிரெஞ்சுப் படை. கடல்வழியை அடைத்து நின்றது முழுவதும் பிரெஞ்சுக் கப்பற்படை.

இவ்வளவும் பொது வரலாற்று நூல்களில் காணக்கூடியவையே. அவற்றில் இடம்பெறாதது, 1778 ஆம் ஆண்டுக் கூட்டணியால் மூண்ட போர் தமிழ்க் கடற்கரையில் நிகழ்ந்த பகுதி. பிரான்சுடன் போர் மூண்ட செய்தி அவ்வாண்டின் இடைப்பகுதியில் சென்னைக்கு எட்டியது. உடனே ஆங்கிலேயக் கும்பினிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் நகரம் வீழ்ந்தது. புதுச்சேரியில் காவல் தலைமைப் பொறுப்பாகிய நயினார் பதவி வகித்த இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு 1778 இல் தொடங்கி 1792 வரை செல்வது. அமெரிக்கப் போர்க் காலத்தைத் தமிழ் நகரம் ஒன்றில் வாழ்ந்தவர் தமிழிலேயே எழுதிய பதிவாக அது அமைகிறது. 1992 இல் அச்சேறியும், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட அதற்குத் தமிழாய்வுலகில் கிடைக்கவில்லை. இது வருந்தத்தக்கது.

1779 மார்ச்சில் மாகேயும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐதர் அலிக்குப் படைக்கலங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. தம் பாதுகாப்பில் உள்ளதென அவர் எச்சரித்திருந்தும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1769 ஆம் ஆண்டுச் சென்னை உடன்படிக்கையை மதித்து மராத்தியருக்கு எதிராக உதவவில்லை என்னும் பழைய சினத்தோடு இதுவும் சேர, 1780 ஜூலையில் அவர் கருநாடகப் பகுதிக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஐதர் அலி அமெரிக்க விடுதலைக்காகப் போரிட்டார் என்று கூறுவது மிகை. அவர் தம் அரசுக்காகவே போரிட்டார். எனினும் கடலுக்கு அப்பால் அவர் பெயர் அறியப்பட்டிருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்னும் பிரித்தானியக் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியக் கப்பலுக்கு இடப்பட்டிருந்த பெயர் 'ஐதர் அலி'.

ஒல்லாந்தர் போரில் இறங்கியதன் பயனாக 1781 நவம்பரில் நாகப்பட்டினமும், 1782 ஜனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சுஃப்ரேன் சதுரங்கப்பட்டினம் தொடங்கித் திருகோணமலை வரை 1782 இல் நான்கு முறை ஆங்கிலேயரோடு பொருதார். திருகோணமலையை ஆகஸ்டு இறுதியில் மீட்டார். ஐதர் அலி அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். 1783 மார்ச்சில் புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் படையுடன் இறங்கிக் கடலூருக்குச் சென்றார். ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டனர். அம்முற்றுகைப் படையில் ஹனோவர் நாட்டுச் செருமானியரும் இருந்தனர். ஜூன் 20 இல் சுஃப்ரேனின் 15 பெருங்கப்பல்கள் ஆங்கிலேயரின் 18 கப்பல்களை எதிர்த்து நின்றன. ஆங்கிலேயக் கப்பற்படை சென்னைக்குப் பின்வாங்கியது. பிரித்தானியாவும் பிரான்சும் தம்முள் முன்னோடி அமைதி உடன்பாட்டைச் செய்துகொண்டது அவ்வாண்டு ஜனவரி 20 இல். ஐந்து திங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட போருக்காகக் கடலூரில் மனிதர்கள் மடிந்தனர். அமைதிச் செய்தியைத் தாங்கிய கப்பல் வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். அமெரிக்கப் போரின் இறுதிப் பெருஞ்சமர்கள் நிகழ்ந்த களம் கடலூர் எனல் தகும்.

தமிழ் நிலம் கொடுத்த விலை படைவீரர் இறப்போடு முடியவில்லை. எரிக்கப்பட்ட ஊர்களும் விதைக்கப்படாத வயல்களும் பஞ்சத்தைக் கொணர்ந்தன. சென்னைக்குள் திரண்ட ஏதிலிகளுக்காக 1782 இல் தொடங்கப்பட்ட கஞ்சித்தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரமாக நிலைபெற்றது. இப்பஞ்சத்தை ஐதர் அலியின் படையெடுப்போடு மட்டும் இணைத்துக் கூறுவது நூல்களில் வழக்கம். அப்படையெடுப்புக்கு முன்னிகழ்ந்த மாகே வீழ்ச்சியையும், அதற்கு முன்னைய புதுச்சேரி முற்றுகையையும், இரண்டிற்கும் வாயிலான 1778 ஆம் ஆண்டுக் கூட்டணியையும் தொடர்புறுத்திக் காண்பதில்லை. மைசூர்ப் போர் ஓர் இயலாகவும் அமெரிக்கப் புரட்சி வேறோர் இயலாகவும் பிரித்து அச்சிடப்படுவதன் விளைவு இது.

1783 செப்டம்பர் 3 ஆம் நாளைய உடன்படிக்கைகளின்படி அமெரிக்காவின் விடுதலையைப் பிரித்தானியா ஏற்றது. பிரான்சு புதுச்சேரி, காரைக்கால், மாகே ஆகியவற்றை மீளப் பெறுவதாயிற்று. பிரான்சுக்கு எஞ்சியது நூறு கோடி லிவருக்கும் மேற்பட்ட செலவு. நாகப்பட்டினத்தை ஒல்லாந்தர் 1784 இல் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தனர். ஐரோப்பாவில் அமைதி வந்ததும் பிரெஞ்சுப் படை விலகிக்கொள்ள, திப்பு தனித்து நின்று 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை செய்தார். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786 இல் இந்தியாவிற்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1792 இல் திப்புவின் நாட்டில் பாதி பறிக்கப்பட்டபோது, திண்டுக்கல்லும் பாரமகாலும் கும்பினி ஆட்சிக்குட்பட்டன.