எடை இழந்த கர்லாக்கட்டை

கடற்படையில் அக்னிவீரராகச் சேரப் போகிறவரிடம் உடற்தகுதித் தேர்வில் கேட்பது சில காரியங்கள்தான்: 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பஸ்கி, தண்டால், படுத்தெழும் பயிற்சி. மணப்பாட்டுப் பையனுக்கு ஓட்டம் பெரிய பாடு இல்லை. கருமேனி ஆறு கடலில் விழும் இடத்து மணலில் ஓடிப் பழகியவனுக்கு மைதானம் லேசு. உள்ளே போன பிறகுதான் உண்மையான சோதனை. துடுப்பு வலிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும், நெடுந்தூரம் நீந்த வேண்டும். மூன்றிலும் முதலில் களைப்பது தோள். அந்தத் தோளுக்கென்றே நம் சிலம்பக்கூடங்களில் இருந்த கருவி கர்லாக்கட்டை. அது உலகம் சுற்றிய கதையை இந்தக் கரையில் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

பிடி மெலிந்து, தலை பருத்து, பிடியின் நுனியில் கை நழுவாமல் காக்க ஒரு குமிழ். இவ்வளவுதான் அதன் உருவம். தொப்பைக் கர்லா, புஜக் கர்லா, குஸ்திக் கர்லா என்று வகை உண்டு. எடையை வாத்தியார் ஆளைப் பார்த்துத் தருவார். பயில்வான்கள் பத்துக் கிலோவுக்கு மேலும் சுற்றுவார்கள்.

சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வலது கையில் பிடித்த கட்டை மார்புக்கு முன்னால் எழுந்து, இடது தோளைத் தாண்டி முதுகுக்குப் பின்னே தலைகீழாகத் தொங்கும். அந்தக் கணம் முழங்கை வானத்தைப் பார்க்கும். பிறகு முதுகை ஒட்டியே வந்து வலது தோள் மேலாக முன்னால் இறங்கும். இறங்கும் கட்டையைப் பிடித்து நிறுத்தும்போது முன்கை, தோள், விலா, இடுப்பு எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யும். தண்டாலில் கை மடங்கி நிமிர்கிறது, அவ்வளவுதான். தோள் மூட்டோ எல்லாப் பக்கமும் சுழலும்படி அமைந்தது. கர்லா அதைச் சுழற்றியே வலுவாக்குகிறது.

இந்தியச் சிப்பாய்கள் கட்டை சுற்றுவதைக் கண்ட ஆங்கில அதிகாரிகள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1830களில் லண்டனில் டொனால்டு வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூல்களில் அது இடம்பிடித்தது. பெண்களுக்கான இலேசான கட்டையும் அப்போதே வந்துவிட்டது. நியூயார்க்கில் சிம் கெஹோ கட்டைகளைச் செய்து விற்றார். 1866இல் அதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார். ஒற்றைக் கனக் கட்டை போய், இரண்டு கைக்கும் சோடிக் கட்டை வந்தது. பள்ளிகளிலும் படை முகாம்களிலும் வரிசையாக நின்று சுற்றினார்கள். 1914இல் வெளியான அமெரிக்கத் தரைப்படையின் உடற்பயிற்சிக் கையேட்டிலும் அது இருந்தது. 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் போட்டியாகவே நடந்தது. 1932இல் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர்.

கடற்படை வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையும், பின்னால் தரைப்படையும் சுவீடன் முறைப் பயிற்சியை ஏற்றன. கட்டை மெல்ல ஓரங்கட்டப்பட்டது. அதன் கடைசி வாரிசை இன்று ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பார்க்கலாம். அங்கே ஒரு கட்டைக்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 150 கிராம்! அந்தக் கலையை நான் மதிக்கிறேன். ஆனால் தோளை வளர்க்கும் வேலை அந்தக் கட்டைக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் கர்லா இளைத்த உடம்போடுதான் திரும்பியது. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் டம்பெல், லெசிம் போன்ற இலகு கருவிகளோடு 'இந்தியன் கிளப்ஸ்' என்ற பெயரில் சேர்ந்தது. விளையாட்டு விழாவில் வண்ணம் பூசிய சோடிகளைப் பிள்ளைகள் தாளத்துக்கு வீசுவார்கள். அதே ஊர்ச் சிலம்பக்கூடத்தின் மூலையில் கனத்த கர்லா சாய்ந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய நௌ சைனிக் முகாமில் படகு வலிக்கும் போட்டி உண்டு. 27 அடி வேலர் படகு அது. கால், முதுகு இரண்டின் பலத்தையும் துடுப்புக்குக் கொண்டுசேர்ப்பது தோள். தோள் தளர்ந்தால் மற்ற பலம் வீண். இதற்கு 150 கிராம் போதாது, பயில்வானின் பத்துக் கிலோவும் தேவையில்லை. நடுவில் இருக்கும் எடைதான் வேண்டும்.

திருச்செந்தூர் முதல் மணப்பாடு வரை இந்தக் கரையில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்படைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஓட்டம், தண்டாலோடு கர்லாவையும் சேருங்கள். இரண்டு கிலோவில் தொடங்குங்கள்; சுற்று சீரான பிறகே எடையைக் கூட்டுங்கள். கற்றுத்தர சிலம்ப வாத்தியாரைப் பள்ளிக்கு அழையுங்கள். வேப்பங்கட்டையை உள்ளூர்த் தச்சரிடமே கடைந்து வாங்கலாம்.