ரெட்ஃபர்ன்: தண்டவாளம் சேர்த்துவைத்த ஊர்

சிட்னி மாநகரின் மையத்திலிருந்து தெற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரெட்ஃபர்ன் சிறிய பேட்டைதான் எனினும், ஆஸ்திரேலிய முதற்குடியினருக்கான முதல் சட்ட உதவி அமைப்பும், அவர்களே நடத்திய முதல் மருத்துவ நிலையமும் தோன்றிய இடம் என்பதால், அந்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப்புகும் எவரும் ஒதுக்கிவிட முடியாத ஊராகும். ஒரு ரயில் நிலையம், ஒரு பட்டறை, ஒரு விளையாட்டுத் திடல், ஒரு தேவாலயம், நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு துண்டு நிலம் ஆகியவையே இவ்வூரின் அடையாளங்கள். அவை அங்கே எப்படி வந்தன என்று கேட்டுக்கொண்டே போனால், விடை பெரும்பாலும் தண்டவாளத்தில் போய் முடிகிறது.

இந்நிலம் இயோரா மக்களில் ஒரு குலத்தாரான காடிகல் குடியினருக்கு உரியது. ஊருக்குப் பெயர் தந்த வில்லியம் ரெட்ஃபர்ன், 1797-இல் இங்கிலாந்தின் நோர் துறையில் நடந்த கடற்படைக் கலகத்தில் மாட்டி மரண தண்டனை பெற்று, பின்னர் அது குறைக்கப்பட்டு, 1801-இல் கைதியாக நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பலேற்றப்பட்ட மருத்துவர். 1803-இல் மன்னிப்புப் பெற்றுக் குடியேற்றத்தின் மதிப்புக்குரிய வைத்தியராக உயர்ந்தவர். அவருக்கு ஆளுநர் மெக்குவாரி 1817-இல் 100 ஏக்கர் மானியம் வழங்கினார். காடிகல் மக்களிடம் யாரும் கேட்காமலும் ஒரு காசு கொடுக்காமலும் வழங்கப்பட்ட மானியம் அது என்பதை இங்கேயே பதிந்துவைப்பது அவசியம். இனி வரும் வரலாறு முழுவதும் அந்தக் கணக்கு தீராத கணக்காகவே தொடர்கிறது.

1855 செப்டம்பர் 26 அன்று சிட்னிக்கும் பரமட்டாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் ஊரின் முகம் மாறியது. இன்று ரெட்ஃபர்ன் என்று பெயர்ப்பலகை தாங்கும் நிலையம் 1878-இல் எவலீ என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1906-இல் சிட்னியின் மத்திய நிலையம் வந்தபோதே இப்பெயரைப் பெற்றது. அதனருகே 1887-இல் இயங்கத் தொடங்கிய எவலீ ரயில்வே பட்டறையில், பாதையின் ஒருபுறம் இன்ஜின்களும் மறுபுறம் பெட்டிகளும் பழுதுபார்க்கப்பட்டன. அங்கு வேலைசெய்தவர்கள் நடந்தே போய்வரும் தொலைவில், ஒரே பக்கச்சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஒட்டிநிற்கும் 'டெரஸ்' வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளி எடுத்துக்கொள்ளும் நேரத்தை அட்டையில் குறிக்கும் புதிய முறையை எதிர்த்து 1917 ஆகஸ்ட் 2 அன்று எவலீ பட்டறையிலும் ராண்ட்விக் டிராம் பட்டறையிலும் தொடங்கிய வேலைநிறுத்தம், சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பரவி, ஆஸ்திரேலியத் தொழிலாளர் இயக்கத்தின் மிகப்பெரிய போராட்டங்களுள் ஒன்றாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லெபனான் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள், அன்றைய வழக்கில் 'சிரியர்' எனப்பட்டோர், ரெட்ஃபர்னில் துணிக் கிடங்குகளை வைத்து, இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பண்ணைகளுக்குச் சென்று விற்றுவரும் வணிகத்தை வளர்த்தனர். மரோனைட், மெல்கைட் ஆகிய கீழைத் திருச்சபைப் பிரிவுகளின் ஆலயங்கள் இவ்வட்டாரத்தில் எழுந்தது அவர்களால்தான். 1908 ஜனவரி 17 அன்று ரெட்ஃபர்ன் நகர மண்டபத்தில் பிறந்த சவுத் சிட்னி ரக்பி லீக் கழகமும் உழைப்பாளர் கழகமே. 'ராபிட்டோ' என்பது தெருவில் முயல் இறைச்சி விற்றவர்களின் கூவல். வார இறுதியில் முயல் விற்றுக் காசு தேடிய ஆட்டக்காரர்களால் அணிக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

முதற்குடியினர் திரளாக வந்ததும் ரயில் வழியேதான். மாநிலத்தின் உட்பகுதியில் அரசு வாரியங்களின் கண்காணிப்பில், ஒதுக்கிடங்களிலும் கிறித்தவ மிஷன் குடியிருப்புகளிலும் வாழ்ந்த குடும்பங்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டே வேலை தேடி இங்கு வந்து சேர்ந்தன. எவலீ பட்டறை அவர்களுக்கு வேலை கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸ் முதற்குடியினர் தம்மைக் 'கூரி' என்று அழைத்துக்கொள்வர். முன்னே வந்த கூரிகளின் வீடு, பின்னே வந்த உறவினருக்குத் தங்குமிடமாயிற்று.

ஆட்கள் பெருகப் பெருகக் காவல்துறையின் கெடுபிடியும் பெருகியது. ரீஜன்ட் தெருவில் இருந்த எம்ப்ரஸ் விடுதியில் கூடிய கூரிகளைச் சிறு காரணங்களுக்கும் காரணமில்லாமலும் வண்டியில் ஏற்றுவது வாடிக்கையாக இருந்தது. பால் கோ, கேரி வில்லியம்ஸ், கேரி ஃபோலி முதலிய இளைஞர்கள் செய்த எதிர்வினை மிக எளியது: விடுதிக்கு வெளியே நின்று, யார் கைதானார், என்ன நடந்தது என்று எழுதிவைத்தனர். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 'கருஞ்சிறுத்தைகள்' என்ற கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்தினர் கையாண்ட வழியிலிருந்து அவர்கள் கற்றது அது. அந்தக் குறிப்புகள் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் தலைவரான ஹால் வூட்டனையும் அவருடன் சேர்ந்த வழக்கறிஞர்களையும் எட்டின; 1970-இல் முதற்குடியினர் சட்ட உதவி அமைப்பு பிறந்தது. தன்னார்வ வழக்கறிஞர்கள் முறைவைத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினர். வழக்கறிஞரே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றுகொண்டிருந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மிகைப்படுத்திச் சொல்வதே கடினம்.

அடுத்த ஆண்டே, 1971-இல், ஒரு கடையறையில் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. கண் மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸ் உள்ளிட்டோர் ஊதியம் கருதாமல் வந்து நோயாளிகளைப் பார்த்தனர். நிர்வாகம் மட்டும் கூரிகளின் கையிலேயே இருந்தது; மருந்தோடு நின்றுவிடாமல், பசித்த குழந்தைகளுக்கு உணவு சேர்ப்பதையும் அந்நிலையம் மருத்துவப் பணியாகவே கருதியது. 'சமூகக் கட்டுப்பாட்டு மருத்துவம்', அதாவது சிகிச்சை பெறும் மக்களே நிலையத்தை நிர்வகிக்கும் முறை, இங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. இவ்விரண்டு அமைப்புகளின் தொடக்கத்திலும் ஷர்லி ஸ்மித் என்ற பெண்மணியின் பெயர் இருக்கிறது. சிறைக்கூடங்களில் கைதிகளைப் பார்க்கச் சென்றபோதெல்லாம், இவனுக்கு நீங்கள் என்ன உறவு என்று அதிகாரிகள் கேட்க, நான் இவனுடைய தாய் என்று பதில் சொல்லிச் சொல்லியே 'மம் ஷர்ல்', அதாவது ஷர்ல் அம்மா, என்ற பெயரைப் பெற்றவர் அவர்.

1972-இன் இறுதியில், எவலீ தெருவை அடுத்த லூயிஸ் தெருவின் காலி வீடுகளில் தங்கிய வீடற்ற கூரிகள் அத்துமீறி நுழைந்ததாகக் கைதுசெய்யப்பட்டபோது, பாதிரியார் டெட் கென்னடி தம் புனித வின்சென்ட் ஆலய வளாகத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். கட்டடத் தொழிலாளர் சங்கம் துணைநின்றது. 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு அளித்த மானியத்தைக் கொண்டு, முதற்குடியினர் வீட்டுவசதி நிறுவனம் எவலீ, கரோலின், லூயிஸ், வைன் தெருக்களுக்கு இடைப்பட்ட வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. 'பிளாக்' என்று பெயர்பெற்ற நிலம் இதுவே. இம்முயற்சியில் முன்நின்ற பாப் பெல்லியர் பின்னாளில் சட்டம் பயின்று, 1996-இல் முதற்குடியினரில் முதல் நீதிபதியாக மாவட்ட நீதிமன்றத்தில் அமர்ந்தார்.

1988 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டை நாடு துறைமுகத்தில் கப்பல்களோடு கொண்டாடிக்கொண்டிருக்க, ரெட்ஃபர்ன் திடலிலிருந்து புறப்பட்ட எதிர்ப்பு ஊர்வலத்தில் சுமார் 40,000 பேர் நடந்தனர். 1992 டிசம்பர் 10 அன்று, அதே திடலை ஒட்டிய பூங்காவில் பேசிய பிரதமர் பால் கீட்டிங், நிலத்தைப் பறித்ததும் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்ததும் தம் இனத்தாரே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் சலசலப்போடு இருந்த கூட்டம் பேச்சின் போக்கில் கைதட்டியது. எனினும் பிளாக்கில் வறுமையும் போதைப்பொருளும் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 2004 பிப்ரவரியில் 17 வயது கூரி இளைஞன் ஒருவனின் மரணத்துக்குக் காவல்துறையே காரணம் என்று உறவினர் குற்றம்சாட்ட, ரயில் நிலையத்தைச் சுற்றி ஓர் இரவு முழுவதும் கலவரம் நடந்தது.

பிளாக்கின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வணிகக் கட்டடங்கள் முதலில் வரும் என்ற நிலை உருவானபோது, 2014 மே மாதம் ஜெனி மன்ரோ என்ற மூத்த கூரிப் பெண்மணியின் தலைமையில் காலி நிலத்தில் கூடாரங்கள் முளைத்தன. குளிர்காலம் இரண்டைக் கண்ட பின், 2015 ஆகஸ்டில், குறைந்த வாடகை வீடுகளுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்க இசைந்ததால் அக்கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. இன்று அந்நிலத்தில் 24 மாடி மாணவர் விடுதி ஒன்றும், அதனருகே முதற்குடிக் குடும்பங்களுக்கென 62 வீடுகளும் உள்ளன.

எவலீயின் பெட்டிப் பட்டறை 2007 முதல் 'கேரேஜ்வொர்க்ஸ்' என்ற கலைக்கூடமாக இயங்குகிறது; தரையில் பதிந்த தண்டவாளங்கள் பெயர்க்கப்படவில்லை, சனிக்கிழமைகளில் உழவர் சந்தை கூடுகிறது. இலங்கையிலிருந்து சிதறிய தமிழ்க் குடும்பமொன்றின் நான்கு தலைமுறைகளைச் சொல்லும் எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் 2024-இல் இங்கு மேடையேறியபோது, ரெட்ஃபர்ன் தண்டவாளத்தருகே தமிழ் வசனமும் ஒலித்தது. பாதையின் எதிர்ப்புறத்து இன்ஜின் பட்டறையில் பழைய கொல்லுலையும் இரும்பை அழுத்தும் இயந்திரங்களும் அப்படியே நிற்க, சுற்றிலும் அலுவலகங்கள் வந்துவிட்டன. சட்ட உதவி அமைப்பு மாநில அளவில் வளர்ந்துவிட்டது. மருத்துவ நிலையம் ரெட்ஃபர்னிலேயே இருந்து இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது.