பழைய லென்ஸ், புதிய லென்ஸ், சென் மேரிஸ் வளவில் ஒரு கல்லறை

கலியாண வீடுகளில் கெமரா பிடிக்கும் நமது ஊர்த் தம்பிமாருக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பழைய உலோக சூம் லென்ஸ் நல்லதா, இப்போது வரும் பிளாஸ்டிக் சூம் லென்ஸ் நல்லதா? இதைப் பேசப் பொகவந்தலாவையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் பிந்திச் சொல்கிறேன்.

போட்டோ கெமராவுக்கென விற்பனைக்கு வந்த முதல் சூம் லென்ஸ் 1959ஆம் ஆண்டின் 'சூமார்'. பிராங்க் பேக் வடிவமைத்தார், வொய்க்லாண்டர் நிறுவனம் விற்றது. 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை நீளும் அதற்குள் 14 கண்ணாடிகள் இருந்தன. 1963இல் நிக்கொனின் 43–86 வந்தது. நிறையவே விற்றாலும், படத்தின் ஓரங்கள் மங்கும் என்ற பெயரையும் அது வாங்கிக் கொண்டது. சூம் செய்யும்போது உள்ளே கண்ணாடிகள் நகர்கின்றன. ஓர் இடத்தில் சரிசெய்த பிழை இன்னோர் இடத்தில் தலைகாட்டும். அந்தக் காலக் கணக்குகளால் எல்லா இடத்தையும் ஒன்றாகச் சரிக்கட்ட முடியவில்லை. பிறகு கணினிக் கணிப்பும், விசேட வளைவுள்ள கண்ணாடிகளும், பல அடுக்குப் பூச்சும் வந்தன. ஆகவே கூர்மையில் தீர்ப்பு புதியதன் பக்கம். கெமராவோடு சேர்ந்து வரும் சாதாரண 18–55 லென்ஸே அந்த முதல் தலைமுறை சூம்களை இலகுவாக வென்றுவிடும்.

உழைப்பில் கதை வேறு. பழையதில் உலோகக் குழாய், திருகு மரை, கிரீஸ். தெரிந்த கை கழற்றித் துடைத்துத் திரும்பவும் பூட்டலாம். புதியதில் சின்ன மோட்டரும் மெல்லிய நாடா வயரும் இருக்கின்றன. அவை போனால், புது லென்ஸ் வாங்கும் காசில் பாதி திருத்தக் கூலிக்கே போய்விடும். ஆனால் நமது மலையில் இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், பங்கஸ். சூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது ஈரக்காற்றையும் உள்ளே இழுக்கிறது. தோல் பையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தால் நாளடைவில் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் படரும். முற்றிவிட்டால் பூச்சையே தின்றுவிடும். காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், அடிக்கடி எடுத்துப் பாவிப்பது: இவைதான் மருந்து.

இனி அந்தக் காரணம். 'கூர்மை இல்லாத படம் எடுக்கிறார்' என்று உலகமே ஏசிய ஒரு போட்டோக்காரர் நமது சென் மேரிஸ் ஆலய வளவில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமெரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகள் பரிசளித்த கெமராவோடு இங்கிலாந்தில் தொழிலைப் பழகத் தொடங்கினார். அவருடைய முதல் லென்ஸ் பிரான்சில் செய்த 'ஜமின்'. சூம் கிடையாது. கிட்ட வைத்து எடுத்தால் கண் தெளியும், காது மங்கும். அந்த மங்கல் அவருக்குப் பிடித்திருந்தது. எது சரியான போகஸ் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று வானியலாளர் ஹேர்ஷலுக்குக் கடிதத்தில் கேட்டார். போட்டோ இதழ்கள் கிண்டலடித்தன. ஆனால் லண்டன் சவுத் கென்சிங்டன் நூதனசாலை 1865இலேயே அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. அதுதான் இன்றைய விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை. படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமெரனை நமது பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். கோல்புறூக் – கமெரன் ஆணைக்குழுவின் கமெரன் அவர்தான். இருவரும் 1875இல் இலங்கைக்கு வந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம் அது. டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் 1879 ஜனவரி 26ஆம் திகதி ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம். 1877இல் களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. அடுத்த ஆண்டு எடுத்த இன்னொரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று தொடங்குகிறது. அதில் வயது எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. முகங்களைப் பார்க்கிறோம், யார் என்று கேட்டால் பதில் இல்லை. எவ்வளவு கூர்மையான லென்ஸாலும் அந்தப் பெயர்களை இனித் திருப்பித் தர முடியாது.

நமது வீடுகளிலும் இதுதான் நிலைமை. லயத்துச் சுவரிலும் கடைத்தெரு வீட்டு அலுமாரியிலும் தாத்தா, பாட்டி, மூத்தம்மாமாரின் படங்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் தம்பிமாரே, எந்த லென்ஸ் என்பதைக் காசைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த வாரம் வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்து, பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்கத்தில் பெயர், தோட்டம், வருடம் மூன்றையும் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். போல் பொயின்ட் வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எழுதியதையும் சேர்த்துப் போனில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.