காயல் துறையும் கணிப்பொறி விமானமும்

பொருநை எனப்படும் தாமிரபரணி கடலோடு கலக்கும் பிரதேசத்தின் சரித்திரத்தைப் படிக்கப் புகுவோர், அது ஒரு துறைமுகத்தின் கதையாக நில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக மணலிடம் தோற்றுப் பின்வாங்கிய பல துறைமுகங்களின் கதையாக விரிவதைக் காண்பார்கள். பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை, நதி ஆண்டுதோறும் சுமந்துவந்த வண்டலால் கடலை இழந்து உள்நாட்டுக் கிராமமாயிற்று. அதன் வாணிபம் கிழக்கே நகர்ந்து காயலை அடைந்தது. காயலும் தூர்ந்தபின் போர்த்துகீசியர் புன்னைக்காயலைக் கைக்கொண்டனர். முடிவில் கப்பல்கள் தூத்துக்குடியை நாடின. 1881-இல் வெளியான தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் கால்டுவெல் பாதிரியார் இந்த வரிசையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மார்க்கோ போலோ குறித்த ‘காயில்’ என்ற பட்டினம் பழைய காயலா, இன்றைய காயல்பட்டினமா என்ற விவாதம் ஓயவில்லையாயினும், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இக்கரையில் நங்கூரமிட்டன என்பதில் ஐயமில்லை. கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் தம்முடைய லாயத்திலிருந்தே ஆண்டுக்கு 1,400 குதிரைகளை இந்நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை பேசப்பட்டிருந்தது என்றும் வஸ்ஸாப் என்னும் பாரசீகச் சரித்திராசிரியர் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை செல்வமும் சாமர்த்தியமும் வந்து குவிந்த துறையின் ஆயுளை, பாய்மரத்தின் உயரமோ மாலுமியின் வித்தையோ வணிகனின் மூலதனமோ நிர்ணயிக்கவில்லை. முகத்துவாரத்தில் எஞ்சியிருந்த தண்ணீரின் ஆழமே நிர்ணயித்தது.

இந்தப் பழைய செய்தியை நான் இங்கே எடுத்துரைப்பதற்கு ஒரு நவீன காரணம் உண்டு. தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்து விமான நிலைய ஓடுபாதையிலிருந்து விமானத்தைக் கிளப்பி, பொருநையின் முகத்தின் மேல் பறந்து, திருச்செந்தூர்க் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு திரும்பும் வித்தையை, வீட்டு அறையில் கணிப்பொறியின் முன் அமர்ந்தபடியே பழகும் இளைஞர் சிலர் இக்கரையில் உண்டு. இரத்தின வியாபாரத்தின் பொருட்டுக் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் பல தலைமுறைகளாகச் சென்றுவரும் காயல்பட்டினத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் வேண்டிய பொருளைச் சொல்லியனுப்புவது நெடுநாளைய வழக்கம். முன்பு கடிகாரமும் வானொலிப் பெட்டியும் வந்த அதே பெட்டியில் இப்போது, “காக்கா, வரும்போது புதுக் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்ற வேண்டுகோளுக்கிணங்க, பெருவிலை கொடுத்து வாங்கிய உறுப்பு ஒன்று வந்து சேருகிறது. அதைப் பொருத்தியபின்னும் விமானம் முன்போலவே திக்கித் திக்கிப் பறக்குமானால், அந்த ஏமாற்றம் மிகக் கொடியது. முகத்துவாரம் தூர்ந்திருக்கையில் புதிய கப்பல் கட்டிய வணிகனின் நிலை அது. தடை எந்த உறுப்பில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. அக்கேள்விக்குரிய விடை ஒவ்வொரு காலத்திலும் இடம் மாறி வந்திருக்கிறது என்பதை அறிய, விமானப் பயிற்சி யந்திரங்களின் பூர்வ சரித்திரத்தைப் பார்ப்பது நலம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்த ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் உரிமையாளரின் புதல்வரான எட்வின் லிங்க் என்பவர், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆகும் செலவைக் கண்டு மனம் நொந்து, தம் தந்தையின் பட்டறையில் கைக்கு எட்டிய காற்றுத் துருத்திகளையே கொண்டு, சாயவும் திரும்பவும் நிமிரவும் வல்ல ஒரு சிறு விமானக் கூட்டை 1929-இல் உருவாக்கி முடித்தார். நிஜ விமானத்தின் மிகச் சிறிய நிழலே அது எனினும், வாத்தியத்துக்கு நாதம் கொடுத்த துருத்தி விமானத்துக்கு அசைவு கொடுத்தது என்ற செய்தியில் எனக்கு எப்போதும் ஒரு தனி வியப்பு உண்டு. பல ஆண்டுகள் அதைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தபால் விமானப் போக்குவரத்தை ராணுவம் ஏற்று நடத்த நேர்ந்து, மூடுபனியிலும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியில்லாத விமானிகள் அடுத்தடுத்து விபத்துகளில் மாண்டபோதுதான் அதிகாரிகளின் கண் திறந்தது. தலா 3,500 டாலர் விலையில் 6 யந்திரங்களை ராணுவம் வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அக்காலத்துத் தடை, கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பழக்கம் இன்மை. அதை நீக்கத் துருத்தி போதுமானதாயிருந்தது.

யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கக் கடற்படை அதைவிடப் பெரிய ஆசை கொண்டது. விமானத்தின் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யந்திரம் செய்வதற்குப் பதிலாக, எந்த விமானத்தின் இயல்பையும் கணக்கிட்டுக் காட்டும் ஒரே யந்திரம் வேண்டுமென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திடம் 1944-இல் அந்தப் பணியை ஒப்படைத்தது. ஜே ஃபாரஸ்டர் தலைமையில் அது இலக்கக் கணிப்பொறியாக உருமாறி, ‘வேர்ல்விண்ட்’ என்ற பெயரில் 1951-இல் இயங்கத் தொடங்கியது. யாருக்காக இம்முயற்சி ஆரம்பமாயிற்றோ அந்த விமானி அமர வேண்டிய அறை மட்டும் வழியிலேயே கைவிடப்பட்டது. இந்த யந்திரத்தின் கதையில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய பாடம் இருக்கிறது. கணக்கிடும் பகுதி அக்காலத்தில் ஈடற்ற வேகம் உடையதாயிருந்தும், எண்களை நினைவில் வைத்த மின்குழாய்கள் அடிக்கடி பழுதுபட்டும் தாமதித்தும் முழு யந்திரத்தையும் பின்னிழுத்தன. ஃபாரஸ்டர் நுண்ணிய காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து ஒரு புதிய நினைவகத்தை அமைத்தார். 1953-இல் அது பொருத்தப்பட்டதும் யந்திரத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பழுது பார்ப்பதில் கழிந்த நேரமும் பெருமளவு குறைந்தது. கணக்கிடும் பகுதி அப்படியே இருக்க, மாறியது நினைவகம் ஒன்றே. அந்தக் காந்த வளைய நினைவகம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகக் கணிப்பொறிகளின் பொதுச் சொத்தாக விளங்கியது.

கணக்கு தீர்ந்தபின் காட்சி தடையாயிற்று. சாளரத்துக்கு வெளியே நிலத்தைக் காட்ட, வயலும் சாலையும் வீடும் பொம்மைகளாக ஒட்டிய பெரும்பலகையின் மேல் ஒரு தொலைக்காட்சிக் காமிராவை ஊர்ந்து செல்லவிட்டார்கள். பிற்பாடு கணிப்பொறியே சித்திரம் வரையத் தொடங்கியபோது, எளிதில் வரையத்தக்க இரவுக் காட்சியும் விளக்குப் புள்ளிகளுமே முதலில் கைகூடின.

இவையெல்லாம் அரசாங்கங்களுக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் உரிய சாதனங்கள். சாமானிய மனிதனின் மேஜைக்கு இவ்வித்தையைக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் இதே பொருளைப் பற்றி ஆய்வேடு எழுதிய அவர், சில ஆண்டுகளில் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ஒரு விமான நிரல் வெளியிட்டார். நொடிக்குச் சில சித்திரங்களே மாறின. மலைகள் வெறுங்கோடுகளாக நின்றன. ஆயினும் பறக்கும் உணர்வு அதில் இருந்தது. 1982-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஐ.பி.எம். கணிப்பொறிக்குக் கொண்டுவந்தபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஐ.பி.எம்.முக்கு ஈடென்று சொல்லிப் பிற கம்பெனிகள் விற்ற கணிப்பொறிகளை மெய்யாகவே ஈடானவைதாமா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டு நிரலையும் இந்த விமான நிரலையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. உரைகல்லாக ஒரு விளையாட்டு அமைந்தது அதன் கடுமைக்குச் சான்று. 1991-இல் வந்த ஃபால்கன் 3.0 என்ற போர் விமான நிரல், தனிக் கணித உபசில்லு பொருத்தியவர்களுக்கு மட்டுமே தன் நுட்பமான பறப்பியலைக் காட்டியது. விமானத்தின் பொருட்டு உறுப்பு வாங்கும் பழக்கம் வீடுகளில் வேரூன்றியது இக்காலத்தில்தான்.

நம் நாட்டில் அன்று கணிப்பொறி உறுப்புகள் சுங்கத்தின் பாரத்தால் எட்டாக்கனியாயிருந்தன. 1984-ஆம் ஆண்டுக் கணிப்பொறிக் கொள்கை கதவைச் சிறிது திறந்தது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபின் சுங்கம் படிப்படியாகக் குறைந்தது. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டும் ரேமும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் தனித்தனியே வாங்கி, செந்தூர் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கூட்டிய ‘அசெம்பிள்டு’ பெட்டிகளே தென் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் முதற் கணிப்பொறிகள். எதை வாங்குவது, எதை விடுவது என்ற ஆலோசனை உயிருள்ள ஒரு கலையாக வளர்ந்தது அந்தத் தெருவின் கடை முகப்புகளில்.

இச்சரித்திரத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது 2006-ஆம் ஆண்டு. அவ்வாண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விமான நிரலின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்னும் பதிப்பை இயற்றி வெளியிட்டவர்கள், சில்லுகளின் வேகம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும் என்ற அன்றைய பொது நம்பிக்கையின் மேல் தம் மாளிகையைக் கட்டினார்கள். ஆனால் வெப்பத்தின் காரணமாக இன்டெல் கம்பெனி 2004-லேயே 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சில்லில் கணக்கிடும் கருக்கள் (கோர்கள்) இரண்டை வைக்கும் மார்க்கத்தில் திரும்பிவிட்டிருந்தது. நிரலோ தன் பாரம் முழுவதையும் ஒரே கருவின் தலையில் ஏற்றியது; மற்றைக் கரு சும்மா இருந்தது. 2007-இல் வந்த திருத்தம் நிலக்காட்சியை ஏற்றும் வேலையைப் பிற கருக்களுக்குச் சிறிது பகிர்ந்தளித்தும், மூல நோய் தீரவில்லை. இதனோடு மற்றொரு தடையும் சேர்ந்தது. 32 பிட் நிரலாதலால் அதன் நினைவு எல்லை 4 ஜி.பி.; விமான நிலையங்களையும் நகரங்களையும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனவர்கள், பல மணி நேரம் பறந்து தரையிறங்கும் தறுவாயில் நினைவு தீர்ந்து நிரல் அணைவதைக் கண்டார்கள். கணிப்பொறியில் 16 ஜி.பி. ரேம் இருந்தும் பயனில்லை. பணத்தால் தீராத தடையும் உண்டு என்பதை அப்பதிப்பு ஒரு தலைமுறைக்கே கற்பித்தது.

2020 ஆகஸ்ட் 18-இல் வந்த புதிய பதிப்பு 64 பிட் நிரலாயிற்று. உலகின் நிலப்படங்களை இரண்டு பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட தரவாகத் தூரத்துச் சர்வர்களில் வைத்து, பறக்கப் பறக்க இணையம் வழியே அனுப்பியது. நொடிக்கு 20 மெகாபிட் இணைப்பு வேண்டுமென்று பரிந்துரைக்கப்பட்டபோது, முகத்துவாரம் மறுபடியும் இடம் மாறிற்று என்று கொள்ளலாம். ஆயினும் முதன்மைக் கருவின் பாரம் அதிலும் குறையவில்லை. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. கம்பெனி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற சில்லு, கடிகார வேகத்தில் தன் முன்னோடியைவிடச் சற்றுக் குறைந்ததாயிருந்தும், தன் 96 எம்.பி. இடைநினைவகத்தின் பெரும்பகுதியைச் சில்லின் மேலேயே அடுக்கியிருந்தமையால், விமான நிரல்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டியது. ஃபாரஸ்டரின் காந்த வளையத்துக்கு 69 ஆண்டுகளுக்குப் பின் அதே உண்மை மீண்டும் வெளிப்பட்டதைக் கண்டு என் மனம் மகிழ்ந்தது. 2016-இல் அறிமுகமான ஏ.எம்.4 பீடத்திலேயே அது அமரும் ஆதலால், பழைய மதர்போர்டு உடைய பலர் பயாஸைப் புதுப்பித்துச் சில்லை மட்டும் மாற்றிப் பயன் பெற்றார்கள்.

ஆகவே உறுப்பு வாங்கக் கருதுபவர், பணப்பையைத் திறக்குமுன் ஒரு சிறு பரீட்சை செய்துகொள்ள வேண்டும். ஜனசந்தடி மிக்க விமான நிலையம் ஒன்றில் விமானத்தை நிறுத்தி, திரையின் நுணுக்கத்தை (ரெசல்யூஷன்) பாதியாகக் குறைத்துப் பார்க்கட்டும். நொடிக்குத் தோன்றும் பிரேம்களின் எண்ணிக்கை உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில். உயராமல் அப்படியே நின்றால் தடை பிராசஸரில். பிராசஸரின் மொத்த உழைப்பு 30 விழுக்காடு என்று காட்டுவதைக் கண்டு ஏமாறலாகாது. ஒரு கரு மட்டும் மூச்சுத் திணற, மற்றவை ஓய்ந்திருக்கலாம். ரேமை ஒற்றைத் துண்டாகப் போடுவதினும் இரண்டு துண்டுகளாகப் போடுவதே தரவுப் பாதையை அகலமாக்கும். எஸ்.எஸ்.டி. நிரல் திறக்கும் நேரத்தை நன்கு குறைக்கும். பிரேம்களைக் கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடலோரத்தில் வாழ்பவருக்கு இவற்றோடு வேறு சில கவலைகளும் உண்டு. உப்பளங்கள் சூழ்ந்த காயல்பட்டினத்தின் காற்று ஈரமும் உப்பும் கலந்தது; கார்டின் பொன்முலாம் பூசிய பற்களிலும் விசிறியின் அச்சிலும் அது மெல்லப் படிந்து அரிக்கும். சித்திரை வெயிலில் அறை வெப்பம் ஏறும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். அவ்வேளையில் நல்ல விசிறியும் தூசி துடைத்த வடிகட்டியும் புதிய சில்லுக்கு நிகரான பலன் தருவதுண்டு. பெரிய கார்டு வாங்குபவர் எஸ்.எம்.பி.எஸ்ஸின் சக்தியையும் யு.பி.எஸ்ஸின் சக்தியையும் கணக்கிடாமல் வாங்கினால், விமானம் தரையிறங்கும் நேரத்தில் பெட்டியே அணைந்துபோகும்.

வாகைக்குளத்து விமான நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே உடையதாய், ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களுக்கு மட்டும் இடங்கொடுத்தது. அதனை 3,115 மீட்டராக நீட்டும் பணியும் நடந்து, புதிய முனையக் கட்டடம் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. பழைய தரவை வைத்திருக்கும் நிரலில் இன்னும் குறுகிய பாதையே தோன்றுமாதலால், ஏர்பஸ்ஸை அங்கே இறக்க விரும்பும் காயல்பட்டினத்து இளைஞர் முதலில் செய்ய வேண்டியது, அந்நிலையத்தின் காட்சிக் கோப்பைப் புதுப்பித்தல். அதற்குக் காசு ஒன்றும் ஆவதில்லை.