பொட்டிபுரத்து மலையும் கலந்தாலோசனை எனும் கடமையும்

நம் வீட்டு நெய்ச்சோற்றிலும் பெருநாள் பாயசத்திலும் மணக்கும் ஏலக்காய்க்கும் போடிநாயக்கனூருக்கும் உள்ள உறவு பழையது. அவ்வூரை ஒட்டிய மலைச்சரிவுகளுக்குத் தொழில்நுட்பமும் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. அதே மலைத்தொடரில், நூறாண்டு கழித்து வந்த ஓர் அறிவியல் திட்டம் மட்டும் ஏன் ஊரை இரண்டாக்கியது? அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

நியூட்ரினோ என்பது மிக நுண்ணிய அடிப்படைத் துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு ஒரு தீங்கும் இல்லை. பிற துகள்களின் குறுக்கீட்டைத் தடுக்க ஆழமான பாறை உதவுவதால், இவற்றைப் பெரும்பாலும் நிலத்தடியிலேயே ஆராய்கின்றனர். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டின் கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்தது. அச்சுரங்கம் மூடப்பட்டபின் விஞ்ஞானிகள் வேறு மலை தேடினர்.

முதலில் தேர்ந்தது நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகில் இருந்ததால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை மறுத்தது. பின்னர் போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் கிராமத்தை அடுத்த அம்பரப்பர் மலை தேர்வாயிற்று. ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை, அதன் முடிவில், எப்புறமும் சுமார் 1 கி.மீ. பாறை சூழ்ந்த குகை. அதனுள் 50,000 டன் காந்த இரும்புக் கருவி. இதுவே திட்டம். 2011-இல் சுற்றுச்சூழல் அனுமதியும், 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்தன.

எதிர்ப்பும் வலுத்தது. கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைப் புதைப்பார்கள் என்ற அச்சங்கள் பரவின. நியூட்ரினோவைப் பற்றிய அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஆனால் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதும், பல லட்சம் டன் கல்லை வெளியேற்றுவதும், நீரூற்றுகளையும் மேய்ச்சல் நிலத்தையும் வனவிலங்குகளையும் பற்றிய கேள்விகளும் கற்பனையல்ல. முன்னதற்கு விடை சொன்னதால் பின்னதற்கும் விடை சொல்லியாயிற்று என்று ஒரு தரப்பு எண்ணியது; பின்னது உண்மையாதலால் முன்னதும் உண்மையே என்று மறுதரப்பு பேசியது. இரண்டும் பிழை.

வழக்குகள் தொடர்ந்தன. 2015 மார்ச்சில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என்று வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதை உரியவாறு கருதவில்லை என்பது முக்கியக் காரணம். 2018 மார்ச்சில் சிறப்புத் திட்டமாகக் கருதி மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதனை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலை நிபந்தனையாக்கியது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. மலை இன்னும் குடையப்படவில்லை.

விஞ்ஞானிகள் விளக்கக் கூட்டங்கள் நடத்தாமல் இல்லை. ஆயினும், இடத்தை முடிவு செய்தபின் தரும் விளக்கம் வேறு. முடிவுக்கு முன் கேட்கும் ஆலோசனை வேறு. உஹதுப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள்; மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்ற தம் கருத்தை விட்டு, வெளியே செல்லலாம் என்ற பெரும்பாலோர் கருத்தை ஏற்றார்கள். போரில் இழப்பு நேர்ந்தது. அதன் பின்னரும், அவர்களிடம் கலந்தாலோசிக்கும்படியே இறைக்கட்டளை வந்தது. மஷூரா என்பது வெற்றிக்கான உத்தி மட்டுமன்று. இழப்பைத் தாங்கப்போகிறவர்களுக்குரிய உரிமை என்பதையே நாம் இதிலிருந்து உணர்கிறோம்.

அவ்வுரிமை பின்தள்ளப்பட்டதால் அறிவியலும் பத்தாண்டுகளுக்கு மேல் இழந்தது. மக்களும் அரசின் சொல்லில் நம்பிக்கை இழந்தனர். நம் பிள்ளைகள் இயற்பியல் கற்கட்டும். நியூட்ரினோவைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாளை நம் ஊருக்கு ஒரு திட்டம் வருமானால், “இது ஆபத்தா?” என்பதோடு, “ஆபத்தை எடைபோட்டவர் யார், எங்களை எப்போது கேட்டீர்கள்?” என்றும் கேட்கும் பக்குவத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.