முதுமையில் குடல் அழற்சி நோய்

குடல் அழற்சி நோய் என்பது பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் ஆகிய நீடித்த நோய்களின் பொதுப்பெயர். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். 60 வயதுக்குப் பின்னும் வரலாம். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, எடைக்குறைவு ஆகியவை அறிகுறிகள். இரத்தப்போக்கை மூலநோய் என்று எண்ணி, மருத்துவரிடம் செல்வதை முதியோர் தள்ளிப்போடுவதுண்டு. குடல் காசநோயும் புற்றுநோயும் இதே சாயல் கொண்டவை. எனவே கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் தேவை. சிகிச்சைக்காக நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு எலும்பை நலிவிக்கும், சர்க்கரையை ஏற்றும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலிமாத்திரை நோயைக் கிளப்பிவிடக்கூடும். மயிலாப்பூர் மாடவீதி, தி.நகர் ரங்கநாதன் தெரு என எங்கு கிளம்பினாலும் கழிப்பறை எங்கே என்பதே இந்நோயாளிகளின் முதல் கவலை. முதியோருக்கான தனி மருத்துவமும் சென்னையில் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளர் பிரிவை 1978இல் மருத்துவர் வ. செ. நடராசன் தொடங்கினார். அடையாற்றை அடுத்த கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.